நூற்றுக்கு எழுபது

லாஜெஸில் ஜூன் மாதம்.
முன்கண்ணாடியில் படிந்த உறைபனியைப்
பழைய பேருந்து அட்டையால் சுரண்டிவிட்டுச்
சாவியைத் திருப்புகிறாள் ஜுரேமா.

முதல் முறை, இருமல்.
இரண்டாம் முறை, இருமலும் ஒரு வசவும்.
வசவு அவளுடையது.
மூன்றாம் முறை
நனைந்த நாய்போல் உதறிக்கொண்டு
எழுந்துவிடுகிறது எஞ்சின்.
தெருவெங்கும் கரும்புச் சாராய வாடை.
எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்திக்கொள்கிறது.

போன மாதம் சாவடியில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள்.
ஊதினாள். பூஜ்யம்.
போலீஸ்காரர் வண்டியைச் சுற்றி வந்து
புகைக்குழாயை முகர்ந்து பார்த்து
குடிகாரனை விட்டுவிட்டார்.

வாங்கிய வாரத்தில் இதே உதறலைக் கேட்டு
ஒரு சிலிண்டர் செத்துவிட்டது என்றே நினைத்தாள்.
விற்றவனின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசியபடி
வால்டெசீரின் பட்டறைக்கு ஓட்டிப்போனாள்.
அவன் மூடியைத் தூக்கினான்.
வாய் நிறையப் பாலாடைக்கட்டி ரொட்டி.
பேசாமல் மூன்று விரலைக் காட்டினான்.
"நாலாவது?"
விழுங்கிவிட்டுச் சொன்னான்:
"நாலாவது கிடையாது. செய்யும்போதே கிடையாது.
செத்தது வேறு, பிறக்காதது வேறு."

அதற்கும் கூலி வாங்கிக்கொண்டான்.

அன்று பட்டறையில் வேறு வண்டிகளும் நின்றன.
ஒன்று நாலு சிலிண்டர், ஆயிரத்து நானூறு சி.சி.
ஏற்றத்தில் மூச்சு வாங்காது,
பங்கில் உயிரை வாங்கும்.
அடுத்தது இவளுடையதுபோல் மூன்றுதான், ஆனால் டர்போ.
அதன் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஊறி ஓடுமாம்.
யாரோ மலிவான எண்ணெயை ஊற்றிவிட்டார்கள்.
பிய்ந்த கருப்பு ரப்பரை
ஒரு சாப்பாட்டுத் தட்டில் எடுத்து வைத்திருந்தான்
உரிமையாளருக்குக் காட்ட.
மூலையில் ஒரு ஹைபிரிட்.
வழி தவறி வந்த பாதிரியாரைப் பார்ப்பதுபோல்
அதைத் தள்ளி நின்று பார்த்தான், தொடவில்லை.

இவளுடையது ஆயிரத்துக்குள் அடங்கியது.
வரியும் அடங்கியது.
முப்பத்தாறு தவணையில் ஒன்பது கட்டியாயிற்று.

ஒடாயரின் பங்கில் விலைப்பலகை இன்னும் எரிகிறது.
பெட்ரோல் ஆறு ரியால் இருபது.
சாராயம் நாலு நாற்பத்தொன்று.
நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே என்றால் கரும்பு,
மேலே என்றால் எண்ணெய்க் கிணறு;
பள்ளிக்கூடம் போகாதவர்களும் போடுகிற கணக்கு.
இன்று எழுபத்தொன்று.

அந்த ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
ஒடாயர் குழாயும் கையுமாகக் காத்திருக்கிறான்.
இருப்பது ஐம்பது ரியால்.
பெட்ரோல் எட்டு லிட்டர் வரும்,
சாராயம் பதினொன்றும் சொச்சமும்.
ஓடும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான்,
ஆனால் முள் கொஞ்சம் மேலே நிற்கும்.
முள் மேலே நின்றால்தான் அவளுக்கு ஓட்ட வரும்.

"சாராயம்."
"எஞ்சின் பக்கத்துச் சின்னத் தொட்டிக்கு?"
"அதற்குப் பெட்ரோல், அரை லிட்டர்.
காலையில் எழுந்ததும் அதற்குப் பால் வேண்டும்."

மருத்துவமனை வாசலில் ஏறுகிறாள்
இரவுப் பணி முடித்த ஒருத்தி.
போகும் இடத்தைச் சொல்லி முடிக்குமுன்
தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது.
ரயில் பாதைக்கு முன்னால் சிவப்பு விளக்கு.
நின்றதும் தொடங்குகிறது உதறல்:
ஸ்டியரிங்கில், கதவில், கண்ணாடியில்,
கண்ணாடியில் சாய்ந்த நெற்றியில்.
நெற்றி சுருங்குகிறது.

ஜுரேமா நியூட்ரலுக்கு மாற்றி
ஆக்ஸிலேட்டரை ஒரு மயிரிழை மிதிக்கிறாள்.
முள் ஆயிரத்து இருநூறைத் தொடுகிறது.
மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு ஓடுகின்றன.
கண்ணாடி அடங்குகிறது.

விளக்கு மாற நாற்பது நொடி.
அது எத்தனை காசு என்று அவளுக்குத் தெரியும்.
பச்சை விழுந்த பிறகும்
பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கும்வரை
அப்படியே வைத்திருக்கிறாள் காலை.